இருப்புப் பதிவேடு

வளாகத்தில் பிரம்பு ஏதும் இல்லையென்று
மூன்று படிகளில் சான்று கேட்டிருக்கிறார்கள்.
"பழைய ஸ்டாக் புக்கப் பாருங்க உடையப்பன்,
இருந்தாக் கழிச்சு விட்ருங்க"
என்று தாளாளர் காரைக்குடிக்குக் கிளம்பிவிட்டார்.

கரையான் ஓரம் தின்ற நீல அட்டை.
முப்பத்தெட்டாம் வருஷம், ஆவணி.
பினாங்குக் கடையிலிருந்து கப்பலில் வந்த நன்கொடை:
சுவர்க் கடிகாரம் ஒன்று
பூகோள உருண்டை ஒன்று
மலாக்காப் பிரம்பு, முதல் தரம், பன்னிரண்டு.

கடிகாரம் நின்றதற்குத் தேதி இருக்கிறது.
உருண்டையில் பர்மா கிழிந்துபோனதற்கு
ஒரு தலைமையாசிரியர் வருத்தம் தெரிவித்து
கையெழுத்தே போட்டிருக்கிறார்.
பிரம்புக்கு மட்டும் அதே வரிதான்,
சில வருஷங்களுக்கு ஒருமுறை, வேறு வேறு மையில்:
உடைந்தது ஒன்று. காரணம்: பயன்பாட்டில்.
எதன்மேல் என்று எழுத
அந்தப் பக்கத்தில் யாரும் கட்டம் போடவில்லை.

எண்பத்தாறு, கார்த்திகை. ஒன்பதாவது பிரம்பு.
அது யார் கெண்டைக்காலில் உடைந்தது என்று
எனக்குத் தெரியும்.

கணக்கு சார் வராத பீரியட். ஏழாம் வகுப்புக்கு நான் லீடர்.
கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி
அடிக்கோடிட்டு
முதல் பெயர் சோலைமலை என்று போட்டேன்.
அவன் பேசவில்லை.
காலையில் கொடுக்காப்புளி கேட்டதற்கு
டவுசர்ப் பையை வெளியே இழுத்துக் காலி என்று காட்டியிருந்தான்.
பையோடு ஒரு கறுப்பு விதை வந்து விழுந்தது.
அதற்காக அவன் பெயருக்குப் பக்கத்தில்
மூன்று பெருக்கல் குறி.

பிரம்பு எடுத்து வர ஆபீசுக்கு ஓடியவனும் நான்தான்.
வருகிற வழியில், யாரும் இல்லாத வராந்தாவில்
ஒருமுறை காற்றில் வீசிப் பார்த்தேன்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.
இதை எந்த ஆடிட்டும் கேட்கப் போவதில்லை.

சோலைமலை இப்போது செக்காலையில் டயர்க்கடை வைத்திருக்கிறான்.
பார்த்தால் டீ சொல்வான்.
"அன்னிக்கு வாங்குன அடிதான்டா நம்மள ஆளாக்குச்சு" என்பான்,
'நம்மள' என்று என்னையும் சேர்த்து.
நான் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு குடிப்பேன்.

மிச்சம் ஒன்று. பீரோவுக்குப் பின்னால், ஒட்டடையோடு.
முழங்காலில் வைத்து மடக்கினேன், வளைந்தது.
இன்னும் மடக்க
இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டன.
விட்டதும் துள்ளி நிமிர்ந்துகொண்டது.
முதல் தரம் என்று எழுதியவர் பொய் எழுதவில்லை.

வேர்த்து நிற்கும்போது வாசலில் ஒரு பெண்.
புதுவயல் மில்லின் தவிட்டுத் தூசி புருவம்வரை.
ஒரு கையில் மாற்றுச் சான்றிதழ்,
மறுகையில் பையன். ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.
"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சுருங்க சார்,
ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."
சொல்லிக்கொண்டே
அவன் தலைமுடியை விரலால் படிய வாரிவிட்டாள்.

"இப்பல்லாம் அடிக்கிறதில்லம்மா" என்றேன்.
பிரம்பு என் கையில் இருந்தது.

விண்ணப்பத்துக்காகப் பெயர் கேட்டேன்.
பையன் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.
உள்ளங்கை இரண்டையும் சட்டையில் துடைத்துக்கொண்டு
ஓரடி முன்னால் வந்து
"எந்தக் கை சார்?" என்றான்.

பெயரை அவள்தான் சொன்னாள்.
எழுதி முடித்ததும்
அடிக்கோடு போடப் போன பேனாவைத்
தாளிலிருந்து தூக்கிக்கொண்டேன்.